தில்லி–சென்னை–திருச்சி: இடையில் எவ்வளவு நேரம் விடலாம்?

தில்லித் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம். ஜனவரியில் அம்மாவைத் தனியாகத் திருச்சிக்கு அனுப்ப வேண்டும். ரயில் என்றால் சென்னைக்கே ஏறக்குறைய 2,180 கி.மீ.; ஒன்றரை நாள் உட்கார அவருடைய முழங்கால் தாங்காது. விமானத்தில் நேர்கோட்டில் சுமார் 1,760 கி.மீ.தான், மூன்று மணி நேரத்தில் சென்னை.

பயமெல்லாம் இங்கே அதிகாலையில் இறங்கும் மூடுபனி மீதுதான். முதல் விமானம் தாமதமானால் திருச்சி விமானம் போய்விடும். தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பணமும் போகும், பெட்டியையும் சென்னையில் எடுத்து மறுபடி போட வேண்டும். அதனால் இரண்டு விமானத்தையும் ஒரே பி.என்.ஆரில் (ஒரே முன்பதிவு எண்ணில்) எடுக்கப் போகிறேன்.

மதியம் கிளம்பினால் பனித்தொல்லை குறையுமா? சென்னையில் மூன்று மணி நேர இடைவெளி போதுமா? அப்புறம், சக்கர நாற்காலி கேட்டால் அடுத்த விமானம் வரை கூடவே வந்து ஏற்றிவிடுவார்களா? அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பெரியவர்களை இப்படி அனுப்பியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.