"மொத்தம் பன்னிரண்டு பேர்தானா?"

சமூகவியல் மாநாட்டில் இளங்கலை மாணவர் கட்டுரை வாசித்தால் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எத்தனை பேரிடம் பேசினீர்கள்?" இரவுக் காவலாளிகளைப் பற்றிய என் கட்டுரைக்கும் அதுவே வந்தது. பன்னிரண்டு என்றேன். கேட்டவர் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். கருத்துக்கணிப்பு ஆய்வுகள் செய்பவர் என்று அப்புறம் தெரிந்தது.

நல்லவேளையாக இதற்குப் பதில் தயாராக இருந்தது. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு நாடுகளில் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை அலசிப் பார்த்ததில், முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டிருந்தன. ஆனால் அவர்கள் பேசியது ஏறத்தாழ ஒரே மாதிரியானவர்களிடம், ஒரே கேள்விகளை வைத்துக்கொண்டு. இந்த நிபந்தனையைச் சொல்லாமல் "12 போதுமாம்" என்று மட்டும் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். என் காவலாளிகள் எல்லோரும் ஒரே நிறுவனம், ஒரே ஷிப்ட் என்றதும் கேள்வி கேட்டவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு அடுத்து வாசித்த மாணவிக்கு நேர்ந்ததுதான் பெரிய விஷயம். முதியோர் இல்லம் பற்றிய ஆய்வு. ஆட்களின் பெயர்களை மாற்றியிருந்தார், இல்லத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஒரு ஸ்லைடில், இரவில் மணி அடித்தாலும் ஊழியர்கள் வருவதில்லை என்று ஒரு பெரியவர் குறைப்பட்டுக்கொண்ட வரிகள். கீழே: "81 வயது, முன்னாள் மாலுமி, வயலின் வாசிப்பவர்." கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "அவர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று, தெரிந்தவரைப் பற்றிக் கேட்பதுபோல அன்பாக விசாரித்தார். சிலர் சிரித்துவிட்டார்கள். அந்த மாணவிக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெரியவர் இன்னும் அதே ஊழியர்களை நம்பித்தானே இருக்கிறார்?

இது மாணவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. விடிச், பென்ஸ்மன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிற்றூரை ஆராய்ந்து, 'ஸ்பிரிங்டேல்' என்று பெயர் மாற்றி 1958-இல் புத்தகமாக்கினார்கள். யார் யார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில் ஊர்க்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு, புத்தகத்தில் தங்களுக்கு வைத்த பொய்ப் பெயர்களையே எழுதி ஒட்டிய கார்களில் போனார்கள். பின்னால் எரு இறைக்கும் வண்டி. அதில் எருவின் மேல் குனிந்தபடி விடிச்சின் கொடும்பாவி!

பெயரை மாற்றுவது சுலபம். வயது, தொழில், பொழுதுபோக்கு மூன்றும் ஒரே வரியில் சேரும்போது ஆள் வெளியே வந்துவிடுகிறார். "எண்பதுகளில் இருப்பவர், கடலில் வேலை பார்த்தவர்" என்றாலே அந்த வாதத்துக்குப் போதும். வயலின் எதற்கு? வாசிப்புக்குச் சுவை கூட்டத்தான். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் கடிதம் கையில் இருந்தாலும், அரங்கில் யார் வந்து உட்காருவார்கள் என்பது அதில் எழுதியிருக்காது.

வாசிக்கும் நேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 15 நிமிடம் என்றால் 12-க்குத் தயார் செய்யுங்கள். நேரம் முடியப்போகிறது என்று அமர்வின் தலைவர் துண்டுச்சீட்டு நீட்டும்போது முடிவுரைக்கு வந்திருக்க வேண்டும். கடைசி நாள் கடைசி அமர்வு கிடைத்தால், கேட்க வந்தவர்களைவிட வாசிக்க வந்தவர்கள் அதிகம் இருப்பார்கள். பரவாயில்லை, பேச்சு நன்றாக நடக்கும்.

என்னைக் கேட்டால், முதல் தடவை போகிறவர்களுக்குப் போஸ்டர்தான் நல்லது, அதாவது ஆய்வை ஒரு பெரிய தாளில் அச்சிட்டு மாட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பது. முக்கால்வாசிப் பேர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் காபி பக்கம் போய்விடுவார்கள், உண்மைதான். ஆனால் நின்று படிப்பவர் முழுதாகப் படிப்பார். என் காவலாளி ஆய்வைப் பிறகு போஸ்டராக வைத்தபோது, வயதான பேராசிரியர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எல்லா மேற்கோள்களையும் படித்தார். "காவலாளிக்கு வணக்கம் சொல்லாதவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். சொல்பவர்கள் யார்?" என்றார். அன்றிரவே நேர்காணல் எழுத்துப்படிகளைத் திறந்தேன். பெரும்பாலும் விடிவதற்கு முன் வரும் துப்புரவுப் பணியாளர்கள். இப்போது அவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் வட்டமேசை அமர்வில் கட்டுரை வாசித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: ஸ்லைடு இல்லாமல் மேற்கோள்களை எப்படிக் காட்டினீர்கள்? அச்சிட்டுக் கொடுத்தால் அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகுமோ என்று யோசனையாக இருக்கிறது.