வெளிநாட்டில் முதல் கார்: பிராண்டுக்கு முன் டயரைப் பாருங்கள்

புதிதாக வந்தவர்கள் முதலில் கேட்பது "எந்த கார் வாங்கலாம்?" என்பதைத்தான். அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. அந்த நாட்டில் யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பது முதலில், லைசென்ஸ் அடுத்து, அதன் பிறகுதான் வண்டி.

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் வலப்பக்கத்துக்கு மாறுவதை நினைத்துப் பயப்படுகிறார்கள். போக்குவரத்து இருக்கும் சாலையில் அது சீக்கிரம் பழகிவிடும். தவறு நடப்பது ஆளில்லாத சாலையில், பார்க்கிங்கிலிருந்தோ பெட்ரோல் பங்கிலிருந்தோ வெளியே திரும்பும்போது. முன்னால் வேறு வண்டி இல்லாததால் கை பழைய பக்கத்துக்கே போகும். அந்த நாட்டு வண்டியில் ஓட்டுநர் இருக்கை எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். திரும்பும்போதெல்லாம் இதை ஒருமுறை சரிபாருங்கள்.

வழிவிடும் விதிதான் உண்மையில் ஆபத்தானது. ஜெர்மனியில் சிக்னலோ பலகையோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும் சரி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்புள்ள '30' மண்டலக் குடியிருப்புகளில் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. நாம் நேராகப் போகிறோம், அவர் காத்திருப்பார் என்ற நம் பழக்கம் அங்கே மோதலில்தான் முடியும். பிரிட்டனில் ரவுண்டானாவுக்குள் நுழையும்போது வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இருவர் சேர்ந்து வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு உரிமை. நிற்பது என்றால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். மெதுவாக உருட்டிக்கொண்டு போனால் லைசென்ஸ் தேர்வு அங்கேயே போய்விடும். சிவப்பு விளக்கில் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம் என்பது அங்கே பொதுவிதி. ஆனால் நியூயார்க் நகரத்திலும் மாண்ட்ரீல் தீவிலும் அது கூடாது.

லைசென்ஸ் விஷயத்தில் கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள். பிரிட்டனில் நம் லைசென்ஸோடு 12 மாதம் ஓட்டலாம். அதன் பிறகு அங்கே பயிற்சி லைசென்ஸ்தான். எல் பலகை மாட்டி, 21 வயதுக்கு மேற்பட்ட, 3 ஆண்டாக முழு லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் ஓட்ட முடியும். தியரியில் 50 கேள்விக்கு 43 சரியாக வேண்டும். ஆபத்தை முன்கூட்டி உணரும் வீடியோ பகுதியில் 75க்கு 44. ஓட்டும் தேர்வில் சிறு பிழைகள் 15 வரை மன்னிப்பு உண்டு, பெரிய பிழை ஒன்று போதும் தோற்க. பல ஆண்டு ஓட்டியவர்கள் தோற்பது கிளட்ச், கியரில் அல்ல. கண்ணாடி பார்க்காததிலும் சந்திப்பில் தலையைத் திருப்பிப் பார்க்காததிலும்தான். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஓட்டித் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நம் லைசென்ஸோடு ஓட்ட ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து 6 மாதம், கனடாவின் ஒன்டாரியோவில் 60 நாள். ஒன்டாரியோவில் பழைய அனுபவத்தைக் கணக்கில் எடுக்க, ஊரில் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தின் உறுதிக் கடிதம் தேவைப்படும். கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள், இங்கிருந்து வரவழைப்பது பெரும் அலைச்சல். சர்வதேச பெர்மிட் என்பது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்புதான். அசல் கையில் இல்லாமல் அதற்கு மதிப்பில்லை.

இனி வண்டி. தினமும் 5 கிலோமீட்டர் ஆபீஸ், வார இறுதியில் கடை என்றால் டீசல் வேண்டவே வேண்டாம். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சூடான ஓட்டம் தேவை. குட்டிப் பயணத்தில் அது அடைத்துக்கொள்ளும், மாற்றும் செலவு கண்ணைக் கட்டும். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் எஞ்சின் முதல் வண்டிக்குச் சிறந்தது. வாங்கும் முன் இன்சூரன்ஸ் விலை கேளுங்கள், ஏனென்றால் முதல் ஆண்டில் அது பல மாடல்களை உங்கள் கைக்கு எட்டாமல் செய்துவிடும். பிரிட்டனில் நம்பர் பிளேட் எண்ணைப் போட்டால் பழைய எம்ஓடி சோதனை (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ஆண்டுச் சோதனை) விவரம் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். தேறியதா என்பதோடு நிற்காமல், எச்சரிக்கைக் குறிப்புகளையும் ஆண்டுக்காண்டு ஏறிய மைலையும் பாருங்கள்.

பனி விழும் நாட்டுக்கு ஆல் வீல் டிரைவ் வாங்கினால் போதும் என்று விற்பவர் சொல்வார். நான்கு சக்கரத்துக்கும் இழுவிசை போவது கிளம்ப உதவும், நிற்க உதவாது. நிறுத்துவது டயரின் ரப்பர். சம்மர் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். தரை காய்ந்திருந்தாலும் பிடிப்பு குறையும். டயரின் பக்கச் சுவரில் குளிர்கால டயரைக் காட்டும் மூன்று முகடு மலைக்குள் பனித்துகள் சின்னம் இருக்கிறதா பாருங்கள். எம்+எஸ் (சேறு, பனி) எழுத்து மட்டும் உள்ள டயர் 2024 அக்டோபரிலிருந்து ஜெர்மனியில் குளிர்கால டயராகச் செல்லாது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். நான்கையும் மாற்றுங்கள். முன்னால் மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் சறுக்கி வண்டி சுற்றிவிடும். டயர் பட்டன் (தரையைப் பிடிக்கும் வெட்டு) ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் போதும் என்றாலும், பனியில் 4க்குக் கீழே போனால் நம்பக்கூடாது.

டயர் மாற்றி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) மறுபடி சரிபாருங்கள். வெப்பம் 5.5 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். முதல் குளிர் அலையில் எச்சரிக்கை விளக்கு எரிவது பெரும்பாலும் இதனால்தான். கண்ணாடி கழுவும் தொட்டியில் வெறும் தண்ணீர் இருந்தால் உறைந்து பம்பு கெடும். சாலையில் தூவும் உப்பு அடிப்பாகத்தை அரிக்கும், அதனால் பழைய வண்டி வாங்கும்போது லிஃப்டில் ஏற்றி பிரேக் குழாய்களின் துருவைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பதில்:

அண்ணா, வளைகுடாவுக்கு வருபவர்களுக்குக் கொஞ்சம் சேர்க்கிறேன். இங்கே டயரின் எதிரி வெயில். பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் வயதாகி அதிவேகத்தில் வெடிக்கும். டயரின் பக்கச் சுவரில் உள்ள டிஓடி (DOT) குறியின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள், அது தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். பக்கச் சுவரில் வெப்பத் தரம் ஏ, பி, சி என்று இருக்கும். ஏ மட்டும் வாங்குங்கள். காற்றழுத்தத்தைக் காலையில், ஓட்டும் முன் அளக்க வேண்டும். சூடான டயரில் அதிகம் காட்டுகிறதே என்று காற்றை இறக்குவது தவறு. அழுத்தம் குறைந்த டயர்தான் இன்னும் சூடாகும்.

பழைய வண்டி மலிவாகக் கிடைத்தால் சேசிஸ் எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள். 1, 4, 5 என்று தொடங்கினால் அமெரிக்காவில் தயாரானது. அங்கே விபத்திலோ வெள்ளத்திலோ மாட்டி ஏலத்தில் போனதைச் சரிசெய்து இங்கே விற்பதுண்டு. ஸ்டெப்னி டயரைத் தூக்கி அடியில் சேறு இருக்கிறதா, சீட்டின் இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.