பால் பல்லில் வைத்த அடைப்பு நிற்கிறதா? ஸ்டீல் கேப் போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

யாழினி அம்மா, திருச்சி

மகளுக்கு ஐந்தரை வயது. கீழ் வரிசையில் வலது பக்கம் முதல் கடைவாய்ப் பல்லுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் சொத்தை. வாயைத் திறந்து பார்த்தால் மேலே லேசாக ஒரு சாம்பல் நிழல் தெரியும், அவ்வளவுதான். உள்ளே குடைந்திருந்தது எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. பல் நிறத்திலேயே அடைத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. அப்புறம் கடலை மிட்டாய் கடிக்கும்போது பெயர்ந்து வந்துவிட்டது. துண்டைக் கழுவிப் பார்த்தேன். அரிசி நொய் அளவுதான் இருக்கும். மேல்புறம் வழவழப்பு, அடிப்புறம் பழுப்பேறி, லேசாக நாற்றம் வேறு.

திரும்ப அடைத்தார்கள். அதிலும் ஓரம் உடைந்துவிட்டது. இப்போது "ஸ்டீல் கேப் போட்டுவிடலாம்" என்கிறார்கள். மாமியாரோ, "விழப்போற பல்லுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. போட்டவர்கள் சொல்லுங்கள். அடைப்பு ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? கேப் மட்டும் நிற்குமா?

கோவை செந்தில்

என் பையனுக்கு நாலு வயதில் போட்டோம். ஊசி இல்லை, டிரில் இல்லை. முதல் நாள் இரண்டு பல்லுக்கு நடுவில் சின்ன நீல ரப்பர் வளையம் ஒன்றை நுழைத்து அனுப்பிவிட்டார்கள், இடம் உண்டாவதற்காம். சில நாள் கழித்து அதை எடுத்துவிட்டு அளவு பார்த்தார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு அளவில் கேப் வைத்திருக்கிறார்கள். சரியானது கிடைத்ததும் உள்ளே சிமெண்ட் நிரப்பி, பல் மேல் வைத்து, "நல்லா கடி" என்றார் டாக்டர். பயல் கடித்தான். ஓரத்தில் பிதுங்கிய சிமெண்டைத் துடைத்தார்கள். முடிந்தது. "புளிக்குது" என்றான், வேறு புகார் இல்லை.

கேப்பைச் சுற்றி ஈறு வெளுத்துப் போனதைப் பார்த்து நான்தான் பதறினேன். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்தப் பக்கம் மட்டும் பல் உயரமாக, வாய் சரியாக மூடாமல் இருந்தது. இட்லி, தயிர்சாதம் என்று ஓட்டினோம். சில வாரத்தில் கடி தானாகச் சரியாகிவிட்டது. இப்போது முறுக்கும் அந்தப் பக்கம்தான்.

டாக்டர், சேலம்

குழந்தைகள் பல் மருத்துவம் பார்ப்பவள் நான். யாழினி அம்மா, உங்கள் டாக்டர் ஒழுங்காக அடைக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது கொஞ்சம் வம்பு பிடித்த இடம்.

பால் பல்லின் கடினமான மேலோடான எனாமல் சுமார் 1 மி.மீ. கனம்தான், பெரியவர்கள் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அந்தச் சின்னப் பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறையோ பெரிது, மேற்பரப்புக்கு நெருக்கமாக எழும்பி நிற்கும். அதனால் ஆழமாகக் குடைந்து அடைப்புக்குப் பிடிமானம் உண்டாக்க வழியில்லை. பசை ஒட்டுவதைத்தான் நம்பியாக வேண்டும்.

ஒட்டுவதிலும் சிக்கல். அடைக்கும் முன் ஒரு ஜெல் தடவுவோம், அது 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலம். எனாமலை மிக நுண்ணிய பள்ளங்களாக அரித்துவிடும். பசை அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். நிரந்தரப் பல்லில் எனாமல் கம்பி கம்பியாக அடுக்கி இருப்பதால் அமிலம் சீராக அரிக்கும். பால் பல்லின் மேல் படலத்தில் அந்த அடுக்கு இருக்காது, அரிப்பு அவ்வளவு திருத்தமாக வராது. அடியில் இருக்கும் டென்டினிலும் தாது குறைவு. எல்லாவற்றுக்கும் மேலே எச்சில். அமிலம் வைத்துக் கழுவி உலர்த்திய இடத்தைக் குழந்தை ஒருமுறை நாக்கால் தொட்டுவிட்டால் போதும், எச்சில் படலம் படிந்துவிடும். திரும்பச் சுத்தம் செய்யாமல் மேலே அடைத்தால் ஒட்டவே ஒட்டாது. ரப்பர் டேம் என்று ஒரு ரப்பர் விரிப்பு மாட்டிப் பல்லைத் தனியாகப் பிரித்து வைப்போம், அதற்கு ஐந்து வயதுக் குழந்தை சம்மதித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அழுகிற பிள்ளையிடம் அந்தச் சில நிமிடத்தை வாங்குவதற்குள் எங்கள் பாடு பெரும்பாடு.

இன்னொன்று, பல் நிற கம்போசிட் லைட் வைத்து இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அரைகுறையாக ஒட்டிய ஓரம் அப்போதே விலகும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடுக்கில் எச்சிலும் கிருமியும் இறங்கிவிடும். உங்கள் கையில் வந்த துண்டின் அடிப்புறம் பழுப்பாக இருந்தது என்றால், அது கடலை மிட்டாய்க்கு முன்னாலேயே உள்ளே விட்டுப்போயிருக்கிறது.

கேப்பின் கணக்கு வேறு. பால் கடைவாய்ப் பல் ஈறை ஒட்டிய இடத்தில் புடைத்திருக்கும், அதற்குக் கீழே ஒடுங்கும், நம் செம்புக் குடத்தின் கழுத்தைப் போல. கேப்பின் விளிம்பு அந்தப் புடைப்பைத் தாண்டி ஈறுக்குள் சுமார் 1 மி.மீ. இறங்கியதும் "டக்" என்று உட்காரும். எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்க வேண்டும். சிமெண்ட் இடைவெளியை அடைக்கிறது, உதவியும் செய்கிறது. ஆனால் கேப்பைப் பிடித்து வைப்பது பல்லின் வடிவம்தான். அதனால்தான் இரண்டு பல்லுக்கு நடுவில் சொத்தை விழுந்த சின்னக் குழந்தைக்கு நான் முதலிலேயே கேப் சொல்லிவிடுவேன்.

உங்கள் மாமியாருக்கு: முன்பற்கள் 6, 7 வயதில் விழும், சரி. இந்தக் கடைவாய்ப் பற்கள் 10 வயதையொட்டித்தான் ஆடத் தொடங்கும், இரண்டாவது பல் 12 வரைகூட இருக்கும். அதுவரை சாப்பிட வேண்டும். நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்தும் வைக்க வேண்டும்.

வெண்ணிலா, டண்டீ (ஸ்காட்லாந்து)

செந்தில் அண்ணா சொன்னதுதான் ஹால் முறை. பெயர் வந்தது நோர்னா ஹால் என்ற ஸ்காட்லாந்து பல் மருத்துவரால். சொத்தையைச் சுரண்டாமல், அப்படியே உள்ளே வைத்து கேப்பால் மூடிவிடுவது. நான் முதலில் கேட்டபோது "அழுக்கை உள்ளே வைத்து மூடுவதா?" என்று மனசு ஒப்பவில்லை. சுற்றிலும் இறுக மூடினால் கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காது, சொத்தை அப்படியே நின்றுவிடும் என்றார்கள்.

எங்கள் டேசைடு பகுதியில்தான் இதைச் சோதித்தார்கள். 132 குழந்தைகள், ஒரே வாயில் ஒரு பல்லுக்கு இந்தக் கேப், இன்னொரு பல்லுக்கு வழக்கமான அடைப்பு. 2011-இல் வந்த ஐந்து வருடக் கணக்கில், சீழ், நரம்பு அழற்சி போன்ற பெரிய தோல்வி கேப் பக்கம் 3 சதவீதம், அடைப்புப் பக்கம் 16.5 சதவீதம். என் மகளுக்குப் போட்டது இன்னும் அசையவில்லை.

டாக்டர், சேலம்

வெண்ணிலா சொன்ன கணக்கு சரி. ஆனால் எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது. ராத்திரி வலித்து எழுகிற பல், ஈறில் கொப்புளம் கட்டிய பல் என்றால் மூடக்கூடாது. எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் நரம்புக்கும் நடுவில் நல்ல டென்டின் ஒரு பட்டையாகத் தெரிய வேண்டும். நரம்பு கெட்டிருந்தால் முதலில் அதற்கு வைத்தியம், பிறகுதான் கேப்.

ஸ்ரீவித்யா, சென்னை

எங்களுடையது முன்பல் கதை. ராத்திரி பாட்டில் பாலோடு தூங்கும் பிள்ளை. மேலே நான்கு பல்லும் போயிற்று. முதலில் ஒளிபுகும் அச்சில் கம்போசிட் நிரப்பி அதையே பல்லாக்கினார்கள். பார்க்க அவ்வளவு அழகு! விளையாடும்போது விழுந்ததில் ஒன்று உடைந்தது, இன்னொன்றின் ஓரத்தில் கோடு விட்டது. அப்புறம் வேறு டாக்டரிடம் ஜிர்கோனியா என்ற பீங்கான் வகை வெள்ளைக் கேப்.

ஜிர்கோனியாவை ஸ்டீலைப் போல நெளித்துப் பல்லுக்குப் பொருத்த முடியாதாம். பல்லைத்தான் கேப்புக்குத் தக்கபடி நிறைய தேய்க்க வேண்டும். அழுத்தாமல் சுலபமாக உள்ளே போக வேண்டும். இழுத்துப் பிடிக்காது, சிமெண்ட்தான் எல்லாம். தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் சிமெண்ட் பிடிப்பு கெடும் என்று பஞ்சை வைத்து அழுத்திக் காத்திருந்தார்கள். அளவு பார்க்க மட்டும் ரோஸ் நிறத்தில் தனி கேப். எச்சில், ரத்தம் பட்டால் ஒட்டாது என்பதால் அசல் கேப்பைக் கடைசி வரை வாயில் வைக்கவில்லை. இதுவரை நிற்கிறது. விலை மட்டும் ஸ்டீல் கேப்பைவிடப் பல மடங்கு.

மலர் ரீச்சர், மட்டக்களப்பு

நான் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். எங்களிடம் கேப் இல்லை. கையால் சுரண்டி கிளாஸ் அயனோமர் அடைப்போம். தான்சானியாவில் 1980களில் மின்சாரம் இல்லாத ஊர்களுக்கென்று வந்த முறை அது. இந்தச் சிமெண்ட் பல்லில் உள்ள கல்சியத்தோடு தானே பிணையும், ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், ஃபுளோரைடும் விடும். அடைத்தவுடன் விரலால் அழுத்தி மேலே வாசலின் பூசிவிடுவோம். ஒரு மணித்தியாலம் ஒன்றும் கடிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்புவோம்.

பல்லின் மேற்பரப்பில் ஒரு குழி மட்டும் என்றால் அது நன்றாக நிற்கும். இரண்டு பல்லுக்கு இடையில் என்றால் அதிகம் நம்ப மாட்டேன். பிள்ளைகள் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த அடைப்போடுதான்.

பாலா, தஞ்சாவூர்

கேப் எப்படி எடுப்பார்கள் என்று கேட்கப் போகிறவர்களுக்கு: எடுக்கத் தேவையில்லை. வேர் கரைந்து பல் ஆடும்போது கேப்போடு சேர்ந்தே விழும். என் பெண்ணுடையது அப்படித்தான் விழுந்தது. வெள்ளிப் பல்லைக் கூரை மேல் எறிய மாட்டேன் என்று ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள்.

ஜெபா, நாகர்கோவில்

எல்லோரும் நன்றாகச் சொல்கிறீர்கள், எங்களுக்கு நடந்தது வேறு. பையனுக்கு மேல் வரிசை இரண்டாவது கடைவாய்ப் பல்லில் கேப் போட்டார்கள். ஆறு வயது முடிந்தும் அதற்குப் பின்னால் வரவேண்டிய நிரந்தரப் பல் வரவே இல்லை. மறுபக்கம் முளைத்துவிட்டது. வேறொரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்: கேப்பின் பின் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, முளைத்து வந்த பல் அதற்கு அடியில் முட்டிச் சிக்கிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ஈறு எப்போதும் சிவந்தே இருந்ததற்கும் அதுதான் காரணம் என்றார். கேப்பை வெட்டி எடுத்துவிட்டு, ஓர் அளவு சின்னதாக, விளிம்பை வெட்டி உள்நோக்கி மடித்து வேறு போட்டார். பல் பிறகு தானாக இறங்கி வந்தது. கேப் விழாமல் நிற்கிறது என்பதால் பொருத்தமும் சரி என்று ஆகாது.

டாக்டர், சேலம்

ஜெபா சொன்னது எங்களுக்குத் தெரிந்த சிக்கல்தான். அளவு பெரிதாக இருந்தாலும் சிமெண்ட் போட்டால் நின்றுவிடும். ஆனால் விளிம்பு பல்லைத் தழுவாமல் விலகி நிற்கும். அங்கே உணவு தங்கி ஈறு வீங்கும். ஆறாம் வயதுப் பல் வரப்போகிற குழந்தைக்கு இரண்டாவது கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தில் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

யாழினி அம்மா, உங்கள் மகளுக்குப் போடும்போது இரண்டு பல்லிலும் சொத்தை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் பல்லின் பின்பக்கமும் இரண்டாவதன் முன்பக்கமும் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் கேப் வேண்டுமென்றால் ஊசி போடாத முறையில் அடுத்தடுத்த பல்லை ஒரே நாளில் செய்யாமல் தனித்தனியாகச் செய்யச் சொல்லலாம். கடி உயர்வதும் ஒவ்வொன்றாக அடங்கும். போட்டு முடித்ததும் நடுவில் நூல் விட்டுச் சிமெண்ட் துணுக்கை எடுத்தார்களா என்று பாருங்கள். ஈறு ஒரு வாரத்துக்கு மேலும் சிவந்திருந்தால் திரும்பக் காட்டுங்கள்.

யாழினி அம்மா, திருச்சி

நன்றி மேடம். இரண்டு பல்லும் கெட்டிருக்கலாம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. பழைய எக்ஸ்ரே ஃபோனில் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை போகிறோம்.