300 பிரதி அச்சடித்தேன், 230 கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது

கேள்வி (திருப்பூரிலிருந்து)

என் முதல் சிறுகதைத் தொகுப்பு ஆவணியில் வந்தது. 12 கதைகள், 144 பக்கம், விலை 170 ரூபாய். எல்லாமே பனியன் கம்பெனி ஆட்களின் கதைகள்தான், நானே எட்டு வருடம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவன். சொந்தக் காசில் 300 போட்டேன். சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று ஒரு 70 போனது (பாதிப் பேர் காசு தரவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை). மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா வைத்தால் ஓடும் என்கிறார் ஒருவர். கையில் இருப்பது 5,000 ரூபாய். வைக்கலாமா?

பதில் 1

வேண்டவே வேண்டாம் நண்பரே. நான் வைத்தேன். மண்டபம், பேனர், சிறப்பு விருந்தினருக்குக் கார், வந்தவர்களுக்கு காபி மிக்சர் என்று 14,000 போனது, விற்றது 19 பிரதி, அதிலும் எனக்குப் பொன்னாடை போர்த்திய மாமாவே 5 வாங்கினார்.

அட்டைப்படத்தைப் போட்டு "என் நூல் வெளிவந்துள்ளது" என்றால் 200 பேர் வாழ்த்துகள் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்கே ரொம்பப் பிடித்த கதை ஒன்றை முழுசாக ஃபேஸ்புக்கில் போடுங்கள், அதன் கீழே தபால் செலவு சேர்த்து விலை, வாட்ஸ்அப் எண், ஜிபே. கதை பிடித்தவன் அந்தச் சூட்டிலேயே பணம் அனுப்புவான், நீங்களும் மறுநாளே அனுப்பிவிட வேண்டும். அஞ்சல் துறையில் 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்று புத்தகங்களுக்கென்றே ஒரு சேவை இருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. எங்கே போகிறது என்று டிராக் செய்யலாம். புத்தகத்தில் பதிப்பாளர் பெயரோ அச்சகத்தின் பெயரோ இருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

முழுக் கதையையும் போடுவதற்கு முன் ஒரு நிமிடம். அமேசானின் கிண்டிலில் மின்நூலாக ஏற்றும் எண்ணம் இருக்கிறதா? அங்கே கேடிபி செலக்ட் என்றொரு திட்டம் இருக்கிறது, அதில் சேர்த்தால் 90 நாளில் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம், புது ஆளுக்கு அது நல்ல விஷயம்தான், ஆனால் அந்த 90 நாளும் புத்தகத்தின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம் வரை போடலாம். உங்கள் கணக்கில் 14 பக்கம் வருகிறது, அதற்குள் அடங்கும் கதையாகப் பார்த்துப் போடுங்கள். அச்சுப் பிரதிக்கு இந்தத் தடை கிடையாது, எங்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

பதில் 3

சின்னதாகப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்கள் 35, 40 சதவீதம் கழிவு கேட்போம், பணமும் விற்ற பிறகுதான் வரும். ஊர் ஊராகப் பத்துப் பத்து அனுப்பினால் யாரிடம் எத்தனை கிடக்கிறது என்பதே மறந்துபோகும். உங்களுக்கு வாய்த்த பெரிய வசதி உங்கள் ஊர். திருப்பூர்ப் புத்தகத் திருவிழா தை மாதத்தை ஒட்டி வரும், ஸ்டால் எடுக்காதீர்கள், கட்டாது. தெரிந்த பதிப்பாளர் யாராவது இருந்தால் அவர் ஸ்டாலில் 15 பிரதி வைக்கக் கேட்டு, சாயங்காலம் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். ஷிப்டு முடிந்து வருகிறவனிடம் "ஓவர்லாக்காரன் எழுதினது" என்று சொல்லுங்கள், கையில் எடுத்துப் பார்க்காமல் போகமாட்டான். அப்புறம் பக்கத்துக் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், 20 பேர் வந்தாலும் படிக்கிற 20 பேர்.

பதில் 4

விமர்சனத்துக்கு என்று கண்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பாதீர்கள். "அன்புடன்" என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதியைப் பழைய பேப்பர் கடையில் நானே 20 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. நைட் ஷிப்டு கதை 11 பக்கம்தான், இன்றைக்கே போட்டுவிடுகிறேன். விழா ரத்து. முதல் பதில் போட்ட அண்ணா, அந்தப் பொன்னாடை மாமா சிறுகதை படிப்பாரா?