சில்வர் பீச் கோடை விழாவுக்குக் குழந்தைகளையும் அம்மாவையும் எப்போது அழைத்து வருவது?

கேள்வி: நெய்வேலிவாசி

வணக்கம். மே மாதத்தில் கடலூர் சில்வர் பீச்சில் கோடை விழா நடக்கும் நாளொன்றில் குடும்பத்துடன் வர எண்ணியிருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4 வயது. என் தாயாருக்கு 70 வயதைத் தாண்டிவிட்டது, மூட்டுவலியும் உண்டு. முன்பொரு முறை இரவு 7 மணிக்கு மேல் வந்து, தேவனாம்பட்டினம் சாலை நெரிசலிலேயே ஒரு மணி நேரம் நின்று, மேடையில் ஆடிய கரகாட்டத்தை ஒலிபெருக்கியில் மட்டும் கேட்டுவிட்டு ஊர் திரும்பினோம். இம்முறை எந்நேரம் வருவது, எங்கே உட்காருவது, பிள்ளைகளைக் கடலில் இறங்க விடலாமா என்பதை உள்ளூர் அன்பர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

பதில்: மஞ்சக்குப்பத்தார்

மேடை நிகழ்ச்சியை நம்பிப் புறப்பட்டதுதான் சென்ற முறை நேர்ந்த தவறு. சிறு பிள்ளைகளுக்கு மேடை தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரந்தான் விழா. மாலை 4.30 மணிக்கெல்லாம் வந்துவிட்டால் ராட்டினத்தில் வரிசை இராது, மணலில் விளையாட இடமும் கிடைக்கும். நம் கரை கிழக்கு நோக்கியதாகையால் வெயில் ஊர்ப்பக்கமாகவே இறங்கும். கடலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசாது. ஆனால் கத்திரி நாட்களில் 5 மணி வரையிலும் மணல் சுடும் என்பதால் பிள்ளைகளைச் செருப்பைக் கழற்ற விடாதீர்கள். பிற்பகலில் எழ வேண்டிய கடற்காற்று, மேற்குக் காற்று வலுத்த நாட்களில் பிந்திவிடும். 2 மணியாகியும் அனல் காற்றே வீசுகிறது என்று இங்குள்ள உறவினர் எவரேனும் சொன்னால், ஒரு மணி நேரம் பொறுத்தே புறப்படுங்கள்.

நாளைத் தேர்ந்துகொள்ள இயலுமானால் பௌர்ணமிக்கு மறுநாள் வாருங்கள். பௌர்ணமியன்று பொழுது சாயும் வெளிச்சத்திலேயே நிலவு எழுந்துவிடும். மறுநாள் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்து, நன்றாக இருட்டிய பிறகு கடலிலிருந்து செக்கச்செவேலென்று மேலே வரும். என் பேரப்பிள்ளைகள் அப்போது பஜ்ஜியைக்கூட மறந்துவிட்டார்கள்.

தின்பதற்குச் சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் எப்போதும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், சிறு படகுகள் கொண்டுவருவதுதான் அப்போது புதிய மீன். வறுவலை வாங்குமுன் என்றைக்கு வந்த மீன் என்று கேட்டு வாங்குங்கள். அதைவிடப் பண்ருட்டிப் பலாச்சுளை நல்லது. அதற்கு இதுவே பருவம்.

பதில்: கெடிலக்கரை

கடலில் இறங்குவது பற்றி ஒருவரும் சொல்லாததால் எழுதுகிறேன். கணுக்கால் நனையும் அளவுக்கு மேல் வேண்டாம். அதுவும் கையைப் பிடித்துக்கொண்டுதான். கரையேறிய அலைநீர் ஒரே தடத்தில் திரண்டு கடலுக்குத் திரும்பும் இடத்தில் அலை உடையாமல் நீர் அமைதியாகத் தெரியும். பார்ப்பவர்கள் அதைத்தான் பாதுகாப்பான இடம் என்று எண்ணி இறங்குகிறார்கள். ஆளை இழுப்பதும் அந்த இடந்தான். இருட்டிய பின் கரையோரம் நிற்கவே விடாதீர்கள்.

கூட்டத்தில் கைப்பேசி இணைப்பு சரிவரக் கிடைக்காது. எண்ணைப் பிள்ளையின் கையில் பேனாவால் எழுதினால் வியர்வையில் அழிந்துவிடும். சட்டைப்பையில் சீட்டாக எழுதி வையுங்கள். சென்ற ஆண்டு என் தங்கை மகன் அரை மணி நேரம் காணாமற்போய், பஞ்சுமிட்டாய்க்காரர் அருகில் நிம்மதியாக நின்றிருந்தான். அழுதுகொண்டிருந்தவர்கள் நாங்கள்தான்.

பதில்: புதுவை நண்பர்

தாயாரைக் கருதினால் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மூட்டுவலிக்காரருக்கு மணலில் நடப்பது தண்டனை. கடலூரிலிருந்து ஏறக்குறைய 22 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் வாகனங்களை விடுவதில்லை. காந்தி சிலையிலிருந்து சமதளத்தில் மெல்ல நடக்கலாம், உட்கார்ந்து உட்கார்ந்தும் போகலாம். ஆனால் அங்கே பெரும்பகுதி கரையில் பாறைகளைக் கொட்டி வைத்திருப்பதால், தலைமைச் செயலகத்தை ஒட்டிய சிறு மணற்பரப்பைத் தவிர உங்கள் மகன் மண்ணைத் தோண்டி விளையாட இடமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுமொழி: நெய்வேலிவாசி

அனைவருக்கும் நன்றி. அம்மாவிடம் புதுவையைச் சொன்னேன். பேரன் மணலில் விளையாடுவதைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று மறுத்துவிட்டார். ஆகவே கடலூருக்கே 4.30 மணிக்கு வருகிறோம், மேடை நிகழ்ச்சி தொடங்கியதும் கிளம்பிவிடுவோம். அம்மாவுக்காக வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவரலாமா?

பதில்: மஞ்சக்குப்பத்தார்

தாராளமாகக் கொண்டு வாருங்கள். ஆனால் உட்கார்ந்ததும் கால்கள் மணலில் புதைந்து நாற்காலி சாயும். அடியில் வைக்க ஒரு பழைய பலகையும் எடுத்து வாருங்கள்.