பொருள்: ‘பறப்பு நேரம்’ அல்ல, ‘கட்டையிடை நேரம்’

(பாளையங்கோட்டையிலிருந்து)

வணக்கம் அண்ணாச்சி. நம் விமானக் கலைச்சொல் பட்டியலில் ‘block time’ என்பதற்கான தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் கேட்டது:

> விமானி பதிவேட்டில் எழுதும் நேரத்தைப் ‘பறப்பு நேரம்’ என்றே வைக்கலாமே?

பொருந்தாது அண்ணாச்சி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறைப்படி, மேலெழுவதற்காக விமானம் முதலில் நகர்ந்தது முதல் கடைசியாக ஓய்ந்து நிற்பது வரை அந்தக் கணக்கில் சேரும். ஓடுபாதைக்கு உருண்டு போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதற்குள் அடக்கம். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரைதான் பறப்பு.

நம்ம வாகைக்குளம் (தூத்துக்குடி) விமான நிலையத்தையே பாருங்கள். சென்னைக்கு நேர்த் தொலைவு (பெருவட்டத் தொலைவு) சுமார் 530 கி.மீ. ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம் மணிக்கு 500 கி.மீ. போல ஓடும். வகுத்தால் ஒரு மணிக்குச் சற்று மேல்தான் வரும். அட்டவணையிலோ ஒன்றரை மணியை ஒட்டிப் போட்டிருப்பார்கள். உருளல், ஏறும்போது குறையும் வேகம், இறங்குமுன் சுற்றி வருதல், தாமதத்துக்கென்று கூட்டி வைத்த நிமிடங்கள் எல்லாம் அந்த மிச்சத்தில் இருக்கின்றன.

நிறுத்திய விமானத்தின் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேருக்கு முட்டுக்கட்டை போடுவது போலத்தான். ‘முட்டுக்கட்டை’ தடை என்ற பொருளில் ஊறிவிட்டதால் ‘கட்டை’ மட்டும் போதும். புறப்படும்போது கட்டையெடுப்பு, சேர்ந்ததும் கட்டைவைப்பு, நடுவில் உள்ளது கட்டையிடை நேரம்.

இரண்டு முனையையும் உலகப் பொது நேரத்தில் (UTC) குறித்துக் கழிக்க வேண்டும் என்பதையும் விளக்கத்தில் சேர்க்கணும். சென்னையில் காலை 6 மணிக்குக் கட்டையெடுத்து லண்டனில் பகல் 12 மணிக்கு வைத்தால் லண்டன் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைக்கும் கோடையில் பத்தரை மணி நேரம், குளிர்காலத்தில் பதினொன்றரை.

(அம்பாசமுத்திரத்திலிருந்து)

கட்டையிடை நேரம் எனக்குச் சம்மதம் தம்பி. தொலைவுக்கும் ஒரே சொல் போதாது. பூமிப்பரப்பில் மிகக் குறுகிய கோடு பெருவட்டத் தொலைவு. உண்மையில் பறக்கும் பாதையின் நீளம் தடத்தொலைவு. வான்வெளி மூடப்பட்டால் இது நீளும். 2022இல் ரஷ்ய வான்வெளி அடைபட்டதும் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பது மணியிலிருந்து பதின்மூன்று மணியை எட்டியது. பெருவட்டத் தொலைவு அப்படியேதான் இருந்தது.

மூன்றாவதாக, காற்றோடு ஒப்பிட்டு விமானம் கடக்கும் தொலைவு. எரிபொருள் இதைப் பொறுத்தே செலவாகும். ‘காற்றூடு தொலைவு’ என்கிறேன். தடம் 9,000 கி.மீ., காற்றில் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று கொள்ளுங்கள். மணிக்கு 100 கி.மீ. பின்காற்று இருந்தால் 9 மணி நேரம், காற்றூடு தொலைவு 8,100 கி.மீ. அதே அளவு எதிர்காற்று என்றால் பதினொன்றே கால் மணி, 10,125 கி.மீ. போக வர இரண்டும் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது: காற்றில்லாமல் 20 மணியில் முடிவது இங்கே இருபதேகால் ஆகிறது, ஏனென்றால் எதிர்காற்றில் கழியும் நேரமே அதிகம்.

டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை 2016இல் ஏர் இந்தியா பசிபிக் வழியே விட்டது இதனால்தான். தடம் சுமார் 15,300 கி.மீ. ஆக நீண்டும், மேலைக்காற்று தள்ளிக்கொண்டு போனதால் பதினான்கரை மணியில் போய்ச் சேர்ந்தது. அட்லாண்டிக் வழி அதைவிடக் குறைந்த தொலைவு, கூடுதல் நேரம்.

(பாளையங்கோட்டையிலிருந்து)

காற்றூடு தொலைவு நல்லா இருக்கு அண்ணாச்சி, சேர்த்துவிடுகிறேன். ‘தடத்தொலைவு’ மட்டும் ரயில் தடத்தை நினைவூட்டுகிறது. ‘வான்தடத் தொலைவு’ என்று வைப்போமா?