உதவி: ஹாலுக்கு எந்த டவர் ஸ்பீக்கர்? சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்

இசைப்பித்தன்:
அவசரம். பட்ஜெட் 80,000. கடையில் தரையில் நிற்கும் இரண்டு ஜோடி டவர் கேட்டேன். ஒன்றில் 6.5 இன்ச் ஊஃபர் (பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி தரும் கூம்பு) இரண்டு, மற்றதில் 5.25 இன்ச் இரண்டு. பெரியது அருமை. ஆனால் அதே மாடல் நண்பர் வீட்டில் குடத்துக்குள் பாடுவது போல முழங்குகிறது. எதை எடுக்கலாம்? ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இருக்கிறது. சனிக்கிழமையோடு ஆஃபர் முடிகிறது.

பழைய டெக்:
ஹால் எத்தனை அடி? என்ன ஆம்ப்? பாட்டு மட்டுமா, படமும் உண்டா?

வால்வு ரசிகன்:
ஆம்ப்தான் காரணம். டிரான்சிஸ்டரை மாற்றி, கண்ணாடிக் குழாய் வைத்த வால்வு ஆம்ப் போடுங்கள், முழக்கம் அடங்கும்.

மூத்தவன்:
அறை அளவுகூடச் சொல்லாமல் ஸ்பீக்கர் கேட்பவர்களுக்கு எத்தனை தடவைதான் சொல்வது? சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதை முதலில் படியுங்கள். 87 டெசிபலுக்கும் 90க்கும் வித்தியாசம் வெறும் 3 இல்லை. அதே சத்தத்துக்கு 87க்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும், உங்கள் ஆம்ப் அதைத் தாங்குமா என்றும் பாருங்கள்.

இசைப்பித்தன்:
12க்கு 10 அடி. ஆம்ப் 50 வாட், 8 ஓமில். மொசைக் தரை, சோஃபா பின்சுவரை ஒட்டி. ராஜா பாட்டு, கச்சேரி. படம் கிடையாது.

மிருதங்கச் சீடன்:
அப்போது விடை அறையில்தான், ஆம்பில் இல்லை. 10 அடி அகலத்துக்கு ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ், 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் ஒலி சுவர்களுக்கிடையே எதிரொலித்து எழும்பி நிற்கும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். ராஜா பாட்டில் பேஸ் அந்த ஸ்வரத்துக்கு வரும்போதெல்லாம் அது மட்டும் ஊதும், பக்கத்து ஸ்வரங்கள் அமுங்கிப்போகும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் இன்னும் மோசம். சோஃபாவை இரண்டடி முன்னால் இழுங்கள். ஸ்பீக்கரின் போர்ட் (பேஸ் காற்று வெளியேறும் துளை) பின்பக்கமா, முன்பக்கமா?

வயர் மாஸ்டர்:
எல்லாம் சரி, கேபிள்? வெள்ளி பூசியது போட்டால் பேஸ் இறுகும்.

பழைய டெக்:
2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் போதும். 4 மீட்டர் தூரத்துக்குப் போக வர 8 மீட்டர், தடை 0.06 ஓமைக்கூட எட்டாது. அந்தக் காசுக்கு ஒரு கம்பளம் வாங்கலாம்.

வயர் மாஸ்டர்:
காது கேட்பதை மீட்டர் சொல்லாது.

மூத்தவன்:
எந்த வயர் என்று தெரியாமல் கண்ணை மூடிக் கேட்டுச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

வயர் மாஸ்டர்:
எந்த வீட்டில் வேண்டுமானாலும் வந்து கேட்கத் தயார்.

மிருதங்கச் சீடன்:
கேபிளுக்குத் தனி இழை போடுங்கள். அவருக்குச் சனிக்கிழமை கெடு. இசைப்பித்தன், இந்த அறைக்குப் பெரிய டவர் வேண்டாம். 5.25 போதும். நல்ல புக்‌ஷெல்ஃப் எனும் சின்னப் பெட்டி ஜோடியை ஸ்டாண்டில் வைத்தாலும் சரி, உச்ச ஒலி தரும் ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். வாங்கும் முன் வீட்டில் ஒரு நாள் வைத்துக் கேட்க விடுவார்களா என்று கேளுங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி நாதம் தனியாகக் கேட்கிறதா, தம்புராவோடு கலந்து உறுமுகிறதா என்று கவனியுங்கள்.

இசைப்பித்தன்:
போர்ட் பின்பக்கம். சின்ன டவரை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளினால் முழக்கம் பாதி குறைகிறது, ஆனால் பால்கனிக் கதவு திறக்க வழியில்லை. புக்‌ஷெல்ஃபும் ஸ்டாண்டும் எடுத்துவிட்டேன். கும்கி தெளிவு. நன்றி.

வால்வு ரசிகன்:
ஆம்ப் என்ன மாடல் என்று கடைசிவரை சொல்லவில்லையே?